அயோவா உழவர் ஒருவரின் ஓய்வூதியக் கோப்பு: அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் நகல் சேவை குறித்து ஒரு மதிப்புரை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றியத்தின், அதாவது வடமாநிலங்களின், பக்கம் நின்று போரிட்ட வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள் வாஷிங்டன் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. உரிய கட்டணத்தைச் செலுத்தினால், எவர் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்து வேண்டுமானாலும், அவற்றின் நகலைக் கேட்டுப் பெறலாம். என் மருமகள் அயோவா மாநிலத்து வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். என் பேரனுக்குத் தந்தை வழியில் எங்கள் ஊரையும் குலத்தையும் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. தாய் வழியில் ஆறு தலைமுறைக்கு முன்னால் வாழ்ந்த ஓர் உழவரின் பெயரும், அவர் போருக்குச் சென்று திரும்பியவர் என்ற ஒற்றை வரியும் மட்டுமே இருந்தன. அந்த ஒற்றை வரியை விரித்துப் பார்க்கும் விருப்பத்தில்தான் இந்தச் சேவையை நாடினேன். குடும்ப வரலாறு தேடுவோர் செய்யக்கூடிய செலவுகளில் இதற்கு இணையான பயன் தருவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

காப்பகம் இவ்வகையில் மூன்று விதமான நகல்களைத் தருகிறது. படைப்பணிப் பதிவு ஒன்று. ஓய்வூதியக் கோப்பிலிருந்து குடும்ப விவரம் உள்ள சில தாள்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தரும் சிறு தொகுப்பு மற்றொன்று. கோப்பு முழுவதும் என்பது மூன்றாவது. நான் கேட்ட காலத்தில் முதலிரண்டும் தலா 30 டாலர். முழுக் கோப்பு முதல் 100 பக்கங்களுக்கு 80 டாலர், அதற்கு மேல் பக்கத்துக்கு 70 சென்ட். விலையைப் பார்த்ததும் முதலிரண்டில் ஒன்றை வாங்கத்தான் எவருக்கும் மனம் போகும். படைப்பணிப் பதிவு என்பது வருகைப் பட்டியல்களிலிருந்து பெயர்த்தெழுதிய அட்டைகளின் தொகுப்பு. சேர்ந்த நாள், வயது, உயரம், கண்ணின் நிறம், தொழில், ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அவர் இருந்தாரா இல்லையா, மருத்துவமனையில் கிடந்தாரா என்பவை அதில் இருக்கும். தொழில் என்ற இடத்தில் 'உழவர்' என்று எழுதியிருப்பதைப் படிப்பதில் ஒரு நிறைவு உண்டு என்றாலும், அவருடைய மனைவியைப் பற்றியோ மக்களைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ அதில் ஏறக்குறைய எதுவும் இராது. குடும்பத்தைத் தேடுகிறவர் பணத்தை அதில் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

முழுக் கோப்பின் சிறப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல, அந்த ஓய்வூதியத்தின் நடைமுறையைச் சற்று விளக்க வேண்டும். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, போர்ப்பணியால் உடல்நலம் இழந்தவருக்கும், அப்பணியால் உயிரிழந்தவரின் மனைவி மக்கள் முதலிய நெருங்கிய உறவினருக்கும் மட்டுமே உதவித்தொகை. முற்றிலும் உழைக்க இயலாத சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். ஓரளவு இயலாதவருக்கு அதில் ஒரு பங்கு. ஆகவே கேட்பவர் தாம் இன்ன நோயால் வருந்துவதையும், அந்நோய் படையில் இருந்தபோது வந்ததையும், அதற்கு முன் தாம் நலமாக இருந்ததையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஓய்வூதியத் துறை எவர் சொல்லையும் எளிதில் நம்பவில்லை. உடன் போரிட்டவர், பக்கத்து நிலத்துக்காரர், ஊர் மருத்துவர், பேறு பார்த்த பெண், திருமணம் நடத்திய பாதிரியார் என்று பலரிடமிருந்தும் பிரமாணப் பத்திரங்கள் கேட்டது. ஐயம் எழுந்தால் சிறப்பு விசாரணையாளரை ஊருக்கே அனுப்பி வாக்குமூலம் வாங்கியது. ஓர் ஏழை உழவரின் குடும்பத்தைப் பற்றி அரசு இவ்வளவு கேள்விகள் கேட்டதால்தான், வேறெங்கும் எழுதப்படாத அந்த வாழ்க்கை இவ்வளவு விரிவாகத் தாளில் ஏறியது.

எங்களுக்கு வந்த கோப்பு நூறு பக்கங்களைத் தாண்டியது. இந்த உழவர் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டில் அயோவா காலாட்படைப் பிரிவு ஒன்றில் சேர்ந்து, மறு ஆண்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையில் தென்மாநிலப் படையின் பிடியில் இருந்த விக்ஸ்பர்க் நகரின் முற்றுகையில் பங்கேற்றார். மே 18 முதல் ஜூலை 4 வரை நீடித்த அந்த முற்றுகையில் அயோவாவின் படைப்பிரிவுகள் பல இருந்தன. அவருக்குக் குண்டுக்காயம் எதுவும் படவில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரை முகாம்களில் தொற்றிய வயிற்றுப்போக்கும், ஈரத்தரையில் படுத்ததால் வந்ததாக அவர் கூறிய வாத நோயும் தாம் அவரை வாழ்நாள் முழுவதும் விடாமல் பிடித்திருந்தன. இதை விந்தையாகக் கருத வேண்டியதில்லை. ஒன்றியப் படையில் இறந்த சுமார் 3,60,000 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நோயினால் மாண்டவர்கள். பிழைத்து வந்தவர்களின் விண்ணப்பங்களில் நாட்பட்ட வயிற்றுப்போக்கு மீண்டும் மீண்டும் வருகிறது. வீரக்கதையை எதிர்பார்த்துக் கோப்பைத் திறப்பவர் இதற்கு மனத்தை ஆயத்தம் செய்துகொள்வது நல்லது. அதில் போர்க்களம் சில பக்கங்கள்தாம். எஞ்சியவை, அந்தப் போரை உடலில் சுமந்துகொண்டு ஒருவர் எப்படி ஏர் பிடித்தார், எப்படி வைக்கோல் ஏற்றினார், எந்தெந்த வேலைக்குக் கூலியாள் வைக்க வேண்டியிருந்தது என்பதைப் பற்றியவை.

அவர் முதன்முதலில் விண்ணப்பித்தது 1880ஆம் ஆண்டு ஜூன் மாதம். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தவர் ஏன் அப்போது விண்ணப்பித்தார் என்பதற்குக் காரணம் 1879ஆம் ஆண்டின் நிலுவைச் சட்டம். 1880 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு, படையிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கிட்டு நிலுவைத் தொகை வழங்க அது வழிசெய்தது. விண்ணப்ப நாளையும் சட்டத்தின் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இக்கோப்பு பேசத் தொடங்குகிறது. எனவே கோப்பு கையில் வருமுன் 1862, 1879, 1890, 1907, 1912 ஆகிய ஆண்டுகளின் ஓய்வூதியச் சட்டங்களைப் பற்றி ஒரு சுருக்கத்தையாவது படித்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். காப்பகம் தாள்களை அனுப்புகிறதே தவிர, அவற்றைப் படிக்கும் முறையைக் கற்பிப்பதில்லை.

மருத்துவர் குழுவின் சான்றிதழ்களை நான் மிக நேரம் எடுத்துப் படித்தேன். அச்சிட்ட படிவத்தில் நாடித்துடிப்பு, எடை, உயரம், நாக்கின் தன்மை, மூட்டுகளின் அசைவு எல்லாம் எழுதப்பட்டு, மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வரைந்த கோட்டுப்படத்தில் நோயுள்ள இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். நோயின் அளவைப் பதினெட்டில் இத்தனை பங்கு என்று மதிப்பிட்டார்கள். கையோ காலோ இழந்ததற்கு நிகரான இயலாமைக்கு மாதம் 18 டாலர் என்று ஒரு படிநிலை இருந்ததே அந்தப் பதினெட்டுக்கு அடிப்படை. வாதத்துக்கு இத்தனை, வயிற்று நோய்க்கு இத்தனை என்று ஒரு மனிதரின் உடல் பின்னங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதைப் படிக்கையில் நெஞ்சு கனக்கிறது. அடுத்தடுத்த சான்றிதழ்களில் அவருடைய எடை குறைந்துகொண்டே வருவதையும் காணலாம். அண்டை நிலத்துக்காரர் ஒருவர், நல்ல உடல்நிலையில் உள்ள ஆள் செய்யும் வேலையில் பாதியைத்தான் இவரால் செய்ய முடிகிறது என்றும், அறுவடைக் காலத்தில் பாதி நாளில் படுத்துவிடுகிறார் என்றும் பிரமாணம் செய்திருக்கிறார். எழுதத் தெரியாத அந்த அண்டை நிலத்துக்காரர் தம் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி இட்டிருக்கிறார்.

1890 ஜூன் 27ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் நிலைமையைப் பெரிதும் மாற்றியது. தொண்ணூறு நாள் பணியாற்றி நற்பெயருடன் விடுவிக்கப்பட்டவர் எவரும், நோய் எப்போது வந்திருந்தாலும், தீயொழுக்கத்தால் வந்ததாக இல்லாவிட்டால், உழைக்க இயலாமைக்காக மாதம் 6 முதல் 12 டாலர் வரை பெறலாம் என்றாயிற்று. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் கூட்டரசின் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கு ஓய்வூதியத்துக்கே சென்றது. அந்தத் துறைக்கென 1887இல் கட்டி முடிக்கப்பட்ட மாபெரும் செங்கல் கட்டடத்தை வாஷிங்டன் செல்வோர் இன்றும் காணலாம். அதன் வெளிச்சுவரைச் சுற்றிச் சுடுமண் புடைப்புச் சிற்பமாகப் படைவீரர்களின் அணிவகுப்பு நீள்கிறது. இப்போது அது கட்டடக்கலை அருங்காட்சியகம். எங்கள் உழவரின் தாள்களும் ஒரு காலத்தில் அந்தக் கூரையின் கீழ்தான் மேசை மேசையாக நகர்ந்திருக்கும்.

கோப்பு முழுவதிலும் எங்களுக்குப் பெருமதிப்புடையதாக அமைந்தது 1898ஆம் ஆண்டில் ஓய்வூதியம் பெறுவோருக்குத் துறை அனுப்பிய ஒரு பக்கச் சுற்றறிக்கை. அதில் கேள்விகள் ஐந்து. திருமணமானவரா, மனைவியின் முழுப்பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும் என்ன. எப்போது, எங்கே, யாரால் திருமணம் நடத்தப்பட்டது. அதற்கு என்ன பதிவு உள்ளது. முன்பு திருமணம் ஆகியிருந்ததா, ஆகியிருந்தால் அந்த மனைவியின் பெயரும் அவர் இறந்த அல்லது மணவிலக்குப் பெற்ற நாளும் இடமும் என்ன. உயிரோடுள்ள மக்களின் பெயர்களும் பிறந்த நாள்களும் என்ன. இந்த ஐந்துக்கும் உழவர் தம் கையாலேயே விடை எழுதியிருந்தார். அதுவரை குடும்பத்தில் எல்லோரும் அறிந்திருந்த மனைவியை அவர் மணந்தது 1866இல்தான் என்பதும், அதற்கு முன் வேறொரு மனைவி இருந்து, 1863 வசந்தத்தில், அவர் விக்ஸ்பர்க்கை நோக்கி நடந்துகொண்டிருந்த காலத்தில், ஊரில் காய்ச்சலால் இறந்துபோனார் என்பதும் அந்த ஒரு தாளால் தெரியவந்தன. 1862இல் பிறந்த மூத்த மகள் அந்த முதல் மனைவியின் குழந்தை. என் மருமகள் அந்த மகளின் வழியில் வந்தவர். ஆகவே என் பேரனின் உண்மையான முன்னோள், குடும்ப மரத்தில் அதுவரை பெயரே இல்லாதிருந்த ஒரு பெண்.

இது வேறெந்த ஆவணத்திலும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவருக்கு இன்ன உறவு என்று எழுதும் பத்தியே 1880இல்தான் சேர்க்கப்பட்டது. அப்போதும் அந்தப் பெண் 'மகள்' என்றே பதிவானார், யாருக்குப் பிறந்தவர் என்ற கேள்வி எழவில்லை. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீவிபத்தினாலும் அதன் பின்விளைவினாலும் அழிந்துபோயிற்று. தாயை இழந்த குழந்தையைத் தந்தை திரும்பும்வரை யார் வளர்த்தார்கள் என்பதும் கோப்பில் இருக்கிறது. முதல் மனைவியின் தமக்கை, முதிய வயதில், உழவரின் மறைவுக்குப் பின் அளித்த பிரமாணப் பத்திரத்தில், தங்கையின் மரணத்தின்போது தாம் உடனிருந்ததையும், கைக்குழந்தையைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றதையும் இரண்டு வாக்கியங்களில் கூறியிருக்கிறார். என் மருமகள் அந்தப் பக்கத்தைத் தனியே அச்சிட்டு வைத்துக்கொண்டார்.

அந்தத் தமக்கையிடம் ஏன் சாட்சியம் கேட்கப்பட்டது என்பதுதான் முழுக் கோப்பை வாங்கச் சொல்வதற்கு என் முதன்மையான காரணம். உழவர் 1911இல் இறந்தபின் இரண்டாம் மனைவி கைம்பெண் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1890 ஜூன் 27க்கு முன் மணந்திருந்த கைம்பெண்ணுக்கு மாதம் 12 டாலர். அதைப் பெற, தம் திருமணம் செல்லுபடியானது என்று அவர் காட்ட வேண்டும். அதற்குக் கணவரின் முந்தைய மனைவி உண்மையிலேயே இறந்துவிட்டார் என்று மெய்ப்பிக்க வேண்டும். இவ்வாறு ஒரு பெண்ணின் உரிமைக்காக இன்னொரு பெண்ணின் மரணம் எழுத்தில் பதிந்தது. திருமணத்துக்குச் சான்றாக விவிலியத்தின் குடும்பப் பதிவுப் பக்கங்களையே கிழித்து அனுப்பியவர்களும் உண்டு. அவை இன்னும் அந்தந்தக் கோப்பிலேயே இருக்கின்றன. கோப்பின் கடைசித் தாள்கள், 1924இல் அந்த மூதாட்டி இறந்தபின், இறுதி நாள்களின் மருத்துவச் செலவையும் அடக்கச் செலவையும் ஈடுசெய்யக் கேட்டு மகன் அனுப்பியவை. மருத்துவரின் கணக்கும் சவப்பெட்டியின் விலையும் அவற்றோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. 30 டாலர் சிறு தொகுப்பை வாங்கியிருந்தால் 1898இன் சுற்றறிக்கை ஒருவேளை வந்திருக்கும். தமக்கையின் வாக்கும், அண்டை நிலத்துக்காரரின் வாக்கும், இந்தக் கணக்குகளும் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கறுப்பின வீரர்களின் குடும்பங்களுக்கு இந்தச் சேவை இன்னும் ஆழமான பொருள் உடையது. ஒன்றியப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் திருமணத்தைச் சட்டம் ஏற்காததால் அவர்களிடம் பதிவு எதுவும் இல்லை. சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சியம் தந்தாலே போதும் என்று 1864ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அதன் விளைவாக, எந்தப் பண்ணையில் யாரோடு வாழ்ந்தோம், யார் எங்கே விற்கப்பட்டார், எந்தக் குழந்தை எப்போது பிறந்தது என்று அந்த மக்கள் தங்கள் வாயால் சொன்னவை விசாரணையாளரின் எழுத்தில் நிலைத்திருக்கின்றன. அமெரிக்காவில் வாழும் நம்மவர் வீடுகளில் இத்தகைய முன்னோரை உடைய மருமக்களும் பேரப்பிள்ளைகளும் பெருகிவரும் இக்காலத்தில், இதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தென்மாநிலப் பிரிவினைப் படையின் வீரர்களுக்கு இச்சேவை பயன்படாது. அவர்களுக்கு ஓய்வூதியம் அளித்தவை அந்தந்த மாநில அரசுகள். அக்கோப்புகளை மாநில ஆவணக் காப்பகங்களில்தான் தேட வேண்டும்.

விண்ணப்பிக்குமுன் எண்ணைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. வீரர்களின் பெயர்வரிசையில் அமைந்த அட்டவணை அட்டைகளின் படங்களை குடும்ப வரலாறு தேடுவோருக்கான ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வோர் அட்டையிலும் வீரரின் பெயர், படைப்பிரிவு, விண்ணப்ப நாள், விண்ணப்ப எண், சான்றிதழ் எண் ஆகியவையும், மனைவியோ சிறுவரோ விண்ணப்பித்திருந்தால் அவர்களின் எண்களும் இருக்கும். மனைவிக்கு ஓய்வூதியம் வழங்கப்பட்டிருந்தால் கணவரின் தாள்கள் அவருடைய கோப்பில்தான் சேர்க்கப்பட்டிருக்கும். ஆகவே கைம்பெண் சான்றிதழ் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்பதே சரி. ஒரே பெயரில் பல வீரர்கள் இருப்பது மிகச் சாதாரணம் என்பதால், தேசியப் பூங்காத் துறையின் இலவசப் படைவீரர் தரவுத்தளத்தில் படைப்பிரிவை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விலையைப் பற்றி என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். பொதுச் சொத்தான ஓர் ஆவணத்துக்கு 80 டாலரும் அதற்கு மேலும் என்பது மாணவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் சுமைதான். கைம்பெண் கோப்புகளில் ஒரு பகுதி மட்டுமே இதுவரை இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. எஞ்சியவற்றையும் ஏற்றினால் இந்தக் கட்டணமே தேவைப்படாது. வாஷிங்டனுக்கு நேரில் செல்ல முடிந்தவர்கள் ஆய்வாளர் அட்டை பெற்று, கோப்பை இலவசமாகப் பார்க்கலாம்; தங்கள் கேமராவால் படமும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட முன்னோரைத் தேடுகிறவர்களுக்குப் பயணச் செலவு அதில் ஈடாகிவிடும். அஞ்சல் வழி கேட்பவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். பிறந்தநாள் பரிசாகத் தர எண்ணுபவர் பல மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பிப்பது நல்லது.

உழவரின் நிலத்தைப் பற்றி மட்டும் இக்கோப்பு அதிகம் சொல்லவில்லை. அந்தக் குறையை வேறு ஆவணங்களால் நிரப்பிக்கொள்ளலாம். 1850 முதல் 1880 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளோடு வேளாண்மைக்குத் தனிப் பட்டியல் எடுக்கப்பட்டது. திருத்திய நிலம் எத்தனை ஏக்கர், குதிரை எத்தனை, கறவை மாடு எத்தனை, ஆண்டில் கடைந்த வெண்ணெய் எத்தனை பவுண்டு என்பதெல்லாம் பண்ணைக்குப் பண்ணை அதில் உண்டு. அரசிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவராக இருந்தால், நில மேலாண்மைத் துறையின் தளத்தில் உரிமைப்பட்டாவின் படம் இலவசமாகக் கிடைக்கிறது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டம் ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் வரை அளித்தது. படையில் இருந்த காலத்தை அந்த ஐந்தாண்டில் கழித்துக்கொள்ள 1872ஆம் ஆண்டுச் சட்டம் முன்னாள் வீரர்களுக்கு இடம் தந்தது. எங்கள் உழவர் 80 ஏக்கரை இன்னொருவரிடமிருந்து விலைக்கு வாங்கியவர். அதனால் அவருக்குப் பட்டா இல்லை. மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் கிரயப் பதிவேடுகளில்தான் அவருடைய பெயரைத் தேட வேண்டியிருந்தது.

ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கும், போர்க்கள வருணனையை மட்டும் விரும்புகிறவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓர் உழவுக் குடும்பம் அரை நூற்றாண்டுக் காலம் எப்படி உண்டது, நோயுற்றது, மணந்தது, புதைத்தது என்று அறிய விரும்புகிறவர் தயங்காமல் முழுக் கோப்பையே கேட்கலாம். கைம்பெண் 1920களின் இறுதியையும் கடந்து வாழ்ந்திருந்தால், கோப்பு பின்னாளில் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு மாற்றப்பட்டிருக்கக் கூடும் என்பதை மட்டும் விண்ணப்பத்துக்கு முன்பே காப்பகத்திடம் எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.